உடன் வந்தவர் கையெழுத்து

வாடகைக்குத் துப்பாக்கி கொடுப்பதும் வாடகைக்குச் சைக்கிள் கொடுப்பதும் ஒரே மாதிரித் தொழில்தான். என்ன, சைக்கிளை எடுத்தவன் பின்னாலேயே கடைக்காரனும் ஓட வேண்டியதில்லை. நான் ஓடுகிறவன். துபாய்க்கு வெளியே, கட்டடங்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கும் ஒரு சுடுதளத்தில் ஐந்து வருடமாகப் பயிற்சியாளர். அதற்கு முன் பதினேழு வருடம் ராணுவம். மனைவியும் மகளும் காட்பாடியில். கவுண்டருக்குப் பின்னால் நின்று நாள் முழுக்கச் சிரித்துப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

எங்கள் இடத்தில் ஒரு விதி உண்டு. தனியாக வருகிறவருக்குத் துப்பாக்கி கிடையாது. படிவத்தில் 'உடன் வந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் இல்லையென்றால் பயிற்சியாளர் போட்டுவிட்டு, முழு நேரமும் வாடிக்கையாளரின் வலது தோளை ஒட்டி நிற்க வேண்டும். காரணத்தைப் படிவத்தில் எழுதவில்லை. நாங்களும் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும்.

பொம்மைக் கடை

அந்த மாதம் ஒரு புதுப் பிஸ்டல் வந்தது. அடிப்பாகம் முழுக்க பாலிமர், அதாவது கெட்டியான பிளாஸ்டிக். குழலும் மேலே சறுக்குகிற பகுதியும் மட்டும் இரும்பு. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். கையில் எடுத்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரும்பைத் தூக்கிப் பழகிய கைக்கு அது காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

மேனேஜர் ஜோர்டான்காரர். நல்ல மனிதர், ஆனால் காகிதத்தில் பார்த்தால்தான் எதையும் நம்புவார். புதுத் துப்பாக்கியைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் நாங்களே அதில் ஐம்பது ரவுண்டு, அதாவது ஐம்பது குண்டு, சுட வேண்டும், நாற்பது உள்வட்டத்தில் விழ வேண்டும், அதுவும் லீவு நாளில் வாடிக்கையாளர் மாதிரி வந்து படிவம் நிரப்பிச் சுட வேண்டும் என்றார். தேறாதவர்களுக்கு இயர் மஃப் கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் மாட்டுவதைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிற வேலை. அங்கே யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

முதல் நாளே சென்னைக் குடும்பம் ஒன்று வந்தது. கணவர் புதுத் துப்பாக்கிதான் வேண்டும் என்றார். நான் குண்டு அடைக்கிற மேகசினைக் கழற்றிக் காட்டி, உள்ளே காலிதான் என்று உறுதி செய்து, பயபக்தியோடு அவர் மனைவியிடம் நீட்டினேன். அவர் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது நிஜத் துப்பாக்கிதானா? எங்க பையனோடது இதைவிட வெயிட்டா இருக்கும்."

துருப் பிடித்த பிளாஸ்டிக்

ஆயுத பூஜை வந்தது. ராணுவத்தில் அன்றைக்குத் துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுப் பழக்கம். இங்கே அதெல்லாம் நடக்காது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய், புதுத் துப்பாக்கியின் பிடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு குங்குமம் வைத்தேன். ஊரில் மகள் அவளுடைய சைக்கிளுக்குப் பொட்டு வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். பதிலுக்கு அனுப்ப என்னிடமும் ஒரு படம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே போன் எடுக்கக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

துடைக்க மறந்துவிட்டேன். பிடியில் சொரசொரப்பாகப் போட்டிருக்கும் கோடுகளில் குங்குமம் இறங்கி, மதியம் யாரோ ஒருவருடைய வியர்வைக் கையில் ஊறி, செம்பழுப்பாகக் கறை படிந்துவிட்டது. மேனேஜர் அதை விளக்கடியில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாகத் தெரிந்த முகத்தோடு சொன்னார்:

"துருவே பிடிக்காது என்று சொல்லித்தானே இதை எனக்கு விற்றார்கள்."

புதன்கிழமை கஃபீல்

புதன்கிழமைதோறும் ஒரு வயதான அரபி வருவார். பிள்ளைகள் ஐந்து பேர், எல்லோரும் பெரிய பெரிய வேலையில். கூட வருவது அவருடைய பெஷாவர் டிரைவர் ஒருவர்தான். அவர்தான் 'உடன் வந்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டு இயர் மஃபை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அத்தனை சத்தத்தில் ஒரு மனிதர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை டிரைவர் வர ஐந்து நிமிடம் தாமதம். வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். கையெழுத்து இல்லாமல் துப்பாக்கி தர முடியாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இந்த ஊர்க்காரர், கோபித்துக்கொண்டால் என் பாடு திண்டாட்டம். அவர் கோபிக்கவில்லை. வெளிநாட்டு ஆளுக்கு இங்கே பொறுப்பேற்று விசா எடுத்துக் கொடுப்பவரைக் கஃபீல் என்பார்கள். அதை வைத்து அவருடைய இந்தியில் சொன்னார்:

"வெளியில் நான் அவனுக்குக் கஃபீல், பாய். உள்ளே வந்தால் அவன்தான் எனக்குக் கஃபீல்."

ருவைஸிலிருந்து ஒருவர்

மாதத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, ஒருவர் தனியாக வந்தார். பெயர் குமரவேல். ருவைஸில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டர், சொந்த ஊர் விருத்தாசலம், வயது முப்பத்தைந்து இருக்கும். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். புதுசு எதுவோ அதைக் கொடுங்கள் என்றார். உடன் வந்தவர் கட்டத்தில் வழக்கம் போல நான் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'ஊழியர்' என்று எழுதினேன்.

தனியாக வருபவரோடு நிற்கும்போது நான் துப்பாக்கியைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பேன். அவர் தோள் தளர்ந்திருந்தது. பத்து ரவுண்டு சுட்டதும் துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டார். மிச்சம் நாற்பது இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வேலூரில் எந்தப் பக்கம், எத்தனை வருடமாக இங்கே, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் முடிந்ததும் மணி அடித்தது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். முழுசாகச் சுடவே இல்லையே, நாலு மணி நேரம் வந்தது வீணாகிவிட்டதே என்றேன்.

"சுடறதுக்கு வரலண்ணே. ஒரு மணி நேரமும் பயிற்சியாளர் பக்கத்துலயே இருப்பார்னு உங்க விளம்பரத்துல போட்டிருந்தது."

காலிக் கட்டம்

அதற்குப் பிறகு அவர் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் நான் எடுக்கவில்லை. டியூட்டியில் இருந்தேன் என்று சொன்னால் ஒரு தடவைக்குத்தான் அது உண்மை. மற்ற இரண்டு தடவையும் கட்டிலில் படுத்துக்கொண்டு, போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம். என் தனிமையை ஏதோ மூட்டை கட்டி ஒரு மூலையில் வைத்திருந்தேன், அவர் வந்து அவிழ்த்துவிடுவார் என்று.

இதற்குள் என்னோடு வேலை பார்க்கும் ஷாஜி ஐம்பது ரவுண்டு சுட்டுத் தேறிவிட்டான். எனக்கு அந்த மாதத்தில் ஒரே ஒரு லீவு நாள்தான் மிச்சம், அது வரும் ஞாயிறு. வியாழக்கிழமை படிவத்தை எடுத்துப் பார்த்தால், ஊழியருக்கு ஊழியர் கையெழுத்துப் போடக் கூடாது என்று மேனேஜர் தன் கையால் எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போடுகிறவர்தான் டார்கெட்டில் விழுந்த ஓட்டைகளை எண்ண வேண்டும், அதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்போம் என்று அவருக்குச் சந்தேகம். வெளியாள்தான் வர வேண்டும். ஷாஜிக்கு அவன் மனைவி, இங்கே நர்ஸ், வந்து போட்டிருந்தாள்.

போனில் பெயர்களைப் புரட்டினேன். ஏசி மெக்கானிக். தண்ணீர் கேன். ரூம் ராஜா, அவன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். டிரைவிங் ஸ்கூல். இப்போது ரூமில் இருக்கும் மூன்று பேருக்கும் ஞாயிறு டியூட்டி. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு உடன் வந்தவனாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன், எனக்குப் போட ஒரு ஆள் இல்லை. வெட்கமாக இருந்தது. மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அஞ்சு வருஷமா இருக்கீங்க. ஒரு கையெழுத்துப் போட ஒரு ஆளக்கூடவா அங்க சேத்து வெக்கல?"

ஐம்பது ரவுண்டு

வெள்ளிக்கிழமை குமரவேலைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஞாயிறு காலை அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

ஷாஜி கவுண்டரில் படிவத்தை நீட்டினான். குமரவேல் நிதானமாகப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, 'உறவு' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். என்ன எழுத என்று என்னைப் பார்த்தார். நண்பர் என்று எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"மூணு தடவ போன் பண்ணேன், எடுக்கல. இப்ப நண்பர்னு எழுதச் சொல்றீங்க."

சொல்லிவிட்டு அப்படியே எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டு இயர் மஃபை மாட்டினேன்.

அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி லேசு என்பதாலேயே சுட்டதும் பின்னால் உதைப்பது அதிகம். முதல் மேகசினில் நாலு குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விட்டன. இன்னும் ஏழு தவறினால் இயர் மஃப் கவுண்டர்தான். அடுத்த மேகசினை மாட்டினேன். அப்போதுதான் என் வலது தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. குமரவேல்தான். அன்றைக்கு நான் அவருக்கு நின்ற அதே இடத்தில், அதே தூரத்தில் நின்றார். இத்தனை வருடத்தில் நான்தான் மற்றவர்களுக்கு அப்படி நின்றிருக்கிறேன், எனக்கு ஒருவர் நின்றதில்லை. அழுகை வந்தது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாயிற்று. மூச்சை விட்டு, பிடியைத் திருத்தி, மிச்சத்தைச் சுட்டேன்.

டார்கெட் பேப்பரை விரித்து வைத்துக் குமரவேல் ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்து எண்ணினார். ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டில் பட்டதை இரண்டு தடவை பார்த்து, அது வெளியேதான் என்றார். நாற்பத்தொன்று. தேறிவிட்டேன். பஸ் நிலையம் வரை கூடவே போனேன். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"அடுத்த தடவ போன் எடுங்கண்ணே. துப்பாக்கியெல்லாம் வேணாம், ஒரு டீ குடிக்கலாம்."

புதுத் துப்பாக்கியில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று அடித்துத் தேறிய பயிற்சியாளன் நான். போனில் பச்சைப் பொத்தானை அழுத்துவதில்தான் இன்னும் கற்றுக்குட்டி.