புள்ளி இல்லாத குட்டிகள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. எழுபத்தொன்பது வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பொய் சொல்வதற்கே சம்பளம் வாங்கிய காலத்தில் நடந்தது இது.

1987, ஆகஸ்ட். வட கரோலினாவில் ஒரு பரிசோதனைக்கூடம். எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிளாஸ்டிக்கை வளையவைக்கும் ஒரு ரசாயனத்தைக் கர்ப்பமான எலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்து, குட்டிகளுக்குக் கேடு வருகிறதா என்று பார்க்கும்படி ஒரு கம்பெனி எங்களிடம் ஒப்படைத்திருந்தது. கேடு வராது என்பதை எங்கள் தலைவர் டாக்டர் புரூயிட் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். எலிகளுக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. வெறும் தீவனம் தின்றவை பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஈன்றன. ரசாயனம் அதிகம் தின்ற பன்னிரண்டு எலிகளோ நாலு, ஐந்து.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாலாம் நாள் கூண்டுக்கு எட்டுக் குட்டிகளை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கொன்றுவிடுவோம். அந்த நாள் காலையில் புரூயிட் என்னைக் கூப்பிட்டார்.

"ஹாய்ட், மிச்சக் குட்டிங்கள வீணா கொல்லாதே. கம்மியா இருக்கிற கூண்டுல போட்டு எட்டாக்கிடு. பிறந்தன்னிக்கு எழுதின தாளையும் கிழிச்சிட்டு, எட்டுன்னு புதுசா எழுதிக் கையெழுத்துப் போடு."

"அது வேற தாயோட குட்டி டாக்டர்."

"எலி என்ன, பிறப்புச் சான்றிதழா வச்சிருக்கு?"

நெஞ்சை நிமிர்த்தி 'முடியாது' என்றேன் என்று எழுத ஆசைதான். சொன்னபடி செய்தேன். பழைய தாளைக் கிழிப்பதும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. கையெழுத்து விழுந்துவிட்டால், குழந்தைகள் வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மை வரைக்கும் அந்த ரசாயனம் போகும். அது எனக்குத் தெரியும். புரூயிட்டுக்கும் தெரியும்.

எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதன் விழிப்பை நாங்கள் பகலிலேயே பார்க்க, அந்த அறையில் கடிகாரத்தையே திருப்பி வைத்திருந்தோம். காலை பத்துக்கு விளக்கணைந்தால் இரவு பத்துக்குத்தான் வெளிச்சம். நடுவில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. வெளியே வெயில் பிளக்க, உள்ளே நடுநிசி.

மதியம் 1:40. கையெழுத்துக்கு முன் ஒருமுறை எண்ணிவிடலாம் என்று போனேன். கதவு மூடியதும்... சத்தமே இல்லை. அந்த நேரத்தில் கீச்கீச்சென்று காது கிழிய வேண்டும். தாய் எலிகள் எல்லாம் பின்னங்காலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாற்பத்தொன்றாம் கூண்டு. எட்டு இருக்க வேண்டும். எண்ணினேன். பதினைந்து.

பிறந்த அன்றே எல்லாக் குட்டிகளின் பாதத்திலும் மைப்புள்ளி குத்தியிருந்தேன். எட்டுக்குப் புள்ளி இருந்தது. ஏழுக்கு இல்லை.

ஒன்றை எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. பால் குடித்த குட்டியின் வயிற்றில் தோல் வழியாகப் பால் வெள்ளையாகத் தெரியும். இதன் வயிற்று வழியாக என் விரல் ரேகை தெரிந்தது.

தராசில் வைத்தேன். 0.0.

அதன் பக்கத்தில் என் பேனாவை வைத்தேன். பேனாவின் எடையை மட்டும் காட்டியது.

1:52. அடுத்த கூண்டு. புள்ளி இல்லாதவை, ஐந்து. அதற்கடுத்தது, எட்டு... புள்ளி இல்லாதவற்றின் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டு கூண்டு. பன்னிரண்டு எண்.

2:07. கதவு திறந்தது.

புரூயிட்.

"எட்டு வரைக்கும் எண்ண இவ்வளவு நேரமா? ஸ்கூலுக்குப் போனியா இல்லையா நீ?"

"நீங்க எண்ணுங்க."

குனிந்தார். உதடு அசைந்தது. எட்டில் நிற்கவில்லை...

நிமிர்ந்தார்.

"எட்டு," என்றார்.

வெளியே போய் முழங்கை வரை கை கழுவினார். நானும் பார்த்தேன், பதினோரு நிமிடம் கழுவினார். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அது தைரியம் இல்லை; கை எழுதவில்லை, அவ்வளவுதான். பழைய தாளைக் கிழிக்கவும் இல்லை. புதிய தாளில் அவரே கையெழுத்திட்டார். அந்த அறைக்குள் பிறகு அவர் வரவே இல்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சியில் நேர்மை பற்றி ஊர் ஊராக வகுப்பெடுத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தாய் எலிகளை அறுத்தாள் மார்னா கெல்லர். அறுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு கரு ஒட்டினாலே கர்ப்பப்பையில் வடு விழும். குட்டி பிறந்தாலும் சரி, உள்ளேயே கரைந்தாலும் சரி, வடு பொய் சொல்லாது. நாற்பத்தொன்றில் பதினோரு வடு. ஈன்றது நாலு.

கரைந்தது ஏழு.

பழைய தாளையும் இருட்டில் எழுதிய தாளையும் அவள் முன் வைத்தேன். வடுவிலிருந்து ஈன்றதைக் கூண்டு கூண்டாகக் கழித்து, இருட்டில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டாள்.

"இத எப்போ எழுதினீங்க ஹாய்ட்?"

"நாலாம் நாள்."

"அறுக்காம இத யாராலயும் எழுத முடியாது."

கடைசிக் கூண்டு, ஐம்பத்திரண்டு.

"இது மட்டும் தப்பு. ஆறுன்னு போட்டிருக்கீங்க, அஞ்சுதான் வருது."

அப்பாடா என்றிருந்தது. ஒன்று தப்பென்றால் மற்றதெல்லாம் தற்செயல். நான் கண்டது கண் மயக்கம்.

"இருங்க, சிலது கண்ணுக்குத் தெரியாது," என்று கர்ப்பப்பை மேல் சாயமேற்றும் மருந்தை ஊற்றினாள்.

பத்து நிமிடம் காத்திருந்தோம்.

ஓரத்தில், கடுகளவு, கறுப்பாக... அந்த ஆறாவது வடு மெல்ல எழுந்து வந்தது.