மடைத் தண்ணீர்

சாக்கோட்டைக்குப் பக்கத்துக் கண்மாயின் குறுக்கே கயிறு கட்டி, மூங்கில் கழிகளைத் தொங்கவிட்டுத்தான் நாங்கள் கயாக் படகு ஓட்டிப் பழகினோம். அசையாத தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டே கழிகளுக்கு நடுவே புகுந்து வந்துவிடுவேன். அந்தத் திமிரோடுதான் மலையாற்றில் நடந்த தகுதிச் சுற்றுக்குப் போனேன்.

அங்கே சிவப்புக் கழிகள் தொங்கும் இடத்தில் மட்டும் ஓட்டத்துக்கு எதிராக, கீழிருந்து மேலே நுழைய வேண்டும். மூச்சைப் பிடித்துத் துடுப்புப் போட்டேன். ஆறு என்னை அடித்துக்கொண்டு போய்விட்டது. அத்தோடு என் கதை முடிந்தது.

அடுத்து வந்தவள் கண்மாயில் என்னோடு படகு பழகிய அமராவதிபுதூர்ப் பெண்; வீட்டில் விவசாயம். ஒரு பாறையின் பின்புறம் வந்ததும் துடுப்பை ஊன்றிச் சும்மா இருந்தாள். கரையிலிருந்து நான், "போடு, போடு" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. படகு தானாகத் திரும்பி, வழுக்கிக்கொண்டு மேலேறிச் சிவப்புக் கழிகளுக்குள் நுழைந்தது. அந்த அழகில் பொறாமைப்படக்கூட மறந்துபோனேன்.

தேர்வாகி வந்தவளிடம், எப்படி என்று கேட்டேன்.

"மடையத் தொறந்தா ஓரத்துத் தண்ணி திரும்பி மேலதான போகும். பாறைக்குப் பின்னாடியும் அப்படித்தான். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறப்ப தெனம் பாக்குறதுதான்," என்றாள். பிறகு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இம்புட்டு வருசமாக் கம்மாயிலயே கெடந்தீகளே அக்கா, மடைப்பக்கம் ஒருநாளும் போனதில்லையா?"