புது பெயிண்டுக்கு ஏற்றது

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் அவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது: 'இவர் வாகன மேற்பரப்புப் பராமரிப்பில் முதுநிலை ஆலோசகர். விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும், தடையற்ற பேச்சும், விற்பனையில் தணியாத ஆர்வமும் உடையவர்.' சான்றிதழுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அதில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். படிக்கிறவர்கள் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் பார்த்துவிட்டு, "ஆலோசகர் எப்ப வருவார்?" என்று அவரிடமே கேட்பார்கள்.

முடிவெடுப்பதை எடுத்துக்கொண்டால், எந்தச் சட்டை என்பதை மனைவி முடிவு செய்து கதவுக் கொக்கியில் மாட்டிவிடுவாள். பேச்சு, ஒரு நாளைக்கு இருபது முப்பது வார்த்தை தேறும். அதில் பாதி 'ம்'. விற்பனையில் ஆர்வம் என்றால், வாங்க வந்தவரிடம் "அவசியமா?" என்று கேட்டுவிடுகிற வியாதி ஒன்று அவருக்கு உண்டு.

அந்த நாற்காலிக்கு அவர் வந்தது நெஞ்சு வழியாக. பதினாறு வருஷம் பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்தார். முகமூடி உண்டு, பெரும்பாலும் கழுத்தில் தொங்கும். ஒரு நாள் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. "பெயிண்டா, நுரையீரலா, ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மனைவியின் அண்ணன்தான் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. அந்த மச்சான் யோசிக்கவில்லை. முன்பக்கம் ஒரு கடை போட்டார். கார் ஷாம்பு, மெழுகு, பாலிஷ், துணி என்று அடுக்கினார். தங்கை புருஷனை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழோடு திரும்பி வரச் செய்தார். கடைக்கு மேலேயே குடிவைத்தார். பெரிய உதவி. உதவியில் ஒரு சங்கடம், அதிலிருந்து ராஜினாமா செய்ய முடியாது.

வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. பதினாலு படி இறங்கினால் நேரே கடைக்குள். வெளியே ஒரு பொடிநடை போவதென்றாலும் மச்சானின் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தலையை நிமிர்த்தி, "எங்க மாப்ள?" என்பார். அதட்டல் இல்லை, அக்கறைதான். அதட்டலுக்குப் பதில் சொல்லிவிடலாம். அக்கறைக்கு என்ன சொல்வது? ஆலோசகர் பாதி நாள் "சும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி படியேறிவிடுவார்.

கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவில் மச்சானே பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்: மெழுகு, பாலிஷ் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. அதில் உள்ள சிலிக்கோன் ஒரு துளி பட்டால் போதும், அடித்த பெயிண்ட் மீன்கண் மாதிரிக் குழி குழியாக விலகிவிடும். தலையில் பளபளப்பு ஜெல் தடவி வந்த பெயிண்டர் ஒருவரை மச்சான் தலைகுளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதுண்டு. அப்படிப்பட்டவர், அதே பெயிண்ட் காய்ந்து நாலாம் நாள் கதவைத் தாண்டி முன்பக்கம் வந்ததும், அதே மெழுகை அதன்மேல் பூசச் சொல்லி விற்பார். பின்னால் விஷமாக இருந்தது முன்னால் வந்தால் விருந்து. இதில் முரண் இருப்பதாக மச்சானுக்குப் பட்டதே இல்லை. அவர் கணக்கில் பளபளப்பும் பாதுகாப்பும் ஒன்று.

ஆலோசகருக்குத் தெரியும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெயிண்டை இளக்கக் கலந்த தின்னர் உள்ளே மிச்சமிருக்கும், அது வெளியேற மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை மெழுகு போட்டு மூடக் கூடாது. கார்க் கதவருகே குனிந்து மோந்து பார்த்தே பெயிண்ட் அடித்து எத்தனை வாரம் என்று அவரால் சொல்ல முடியும். அவரிடம் மிஞ்சியிருந்த கலை அது ஒன்றுதான், சான்றிதழில் அது இல்லை. டிரம்மில் வரும் மெழுகைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி லேபிள் எழுதுவது அவர் வேலை. 'புது பெயிண்டுக்கு ஏற்றது, மூன்று மாதம் கழித்து' என்றுதான் எழுதினார். மச்சான் படித்துவிட்டு, "லேபிள்ல இடம் எங்க இருக்கு மாப்ள? ரெண்டாவது பாதிய எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டார்.

போன மழைக்காலத்தில், புது பெயிண்டின்மேல் அந்த மெழுகைப் பூசிய ஒரு மருந்துக்கடைக்காரரின் கார் திரும்பி வந்தது. பானெட் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் மங்கல். ஓரங்களில் பொடிக் கொப்புளம். "பாத்திரம் கழுவற சோப்பு போட்டிருப்பீங்க" என்றார் மச்சான். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. மச்சான் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர், "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல் அதற்குப் பிறகு அவர் தொண்டையிலேயே குடியிருந்தது. ஒரு முறை தனியாக மச்சானின் அறைக்குப் போய் லேபிளைப் பற்றிப் பேச்செடுத்தும் பார்த்தார். "லேபிள் சின்னது மாப்ள" என்றார் மச்சான், அன்பாக.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை மதியம் டிரைவிங் டீச்சர் வந்தார். சிவப்புக் கார், மாணவர் ஒருவர் அதை மதிலோடு தேய்த்துவிட்டதால் பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் கிடந்து பெயிண்டாகி நாலு நாள் ஆகிறது.

"சார், எது போடலாம், எது போடக்கூடாதுன்னு சொல்லுங்க. இந்த வண்டிக்கு என் கால்கிட்டயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இது படுத்துச்சுன்னா வாடகைக்கு இன்னொண்ணு கிடைக்காது. மறுபடி மூணு வாரம் உள்ள விட்டா என் பிள்ளைங்க எல்லாம் வேற ஸ்கூலுக்குப் போயிடும்."

பிள்ளைகள் என்றது கற்றுக்கொள்ள வருகிறவர்களை. அதில் ஒரு பிள்ளைக்கு வயது அறுபத்திரண்டு.

ஆலோசகர் மெழுகு கலக்காத ஷாம்புவை எடுத்து மேஜையில் வைத்தார். "இது போதும்."

"மெழுகு?"

"அவசரமில்ல."

"அவசரமில்லன்னா அப்புறம் போடறதா, போடவே கூடாதா?"

கண்ணாடி அறை திறந்தது. "மேடம் என்ன கேக்கறாங்க மாப்ள?"

"மெழுகு..."

"பாட்டில்லயே போட்டிருக்கே, புது பெயிண்டுக்கு ஏற்றதுன்னு. நீங்களே சொல்லுங்க, நல்ல பொருள்தானே?"

நல்ல பொருள்தான். ஜூன் மாதத்தில் கம்பளிப் போர்வையும் நல்ல பொருள்தான். "நல்ல பொருள்தான்" என்றார் ஆலோசகர். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவரை ஏமாற்றிவிடலாம் என்பது அவருக்கே புதிய தகவல். டீச்சர் மெழுகு, பாலிஷ், மெழுகு கலந்த ஷாம்பு, பளபளப்புத் திரவம் என்று நாலு பாட்டில் அடங்கிய 'முழுக் கவசம்' செட்டை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு லீவு, உக்காந்து பூசிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெழுகு இல்லாத ஷாம்பு மேஜையிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் ஆலோசகர், வண்டி விவரம் எழுதும் ஜாப் கார்டிலிருந்து டீச்சர் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மேலே போனார். வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டுப் போன் செய்தார்.

"மெழுகுக்கடையிலேர்ந்து பேசறேன். அதைப் போடாதீங்க. நாலு பாட்டிலும்."

"அங்க மழையா சார்? ஒண்ணும் கேக்கல."

"பாத்ரூம்." கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னார்.

"பாட்டில்ல ஏற்றதுன்னு எழுதியிருக்கே?"

"அதை எழுதினது நான்தான்."

"அப்ப நான் யாரை நம்பறது? பாட்டில்ல எழுதின உங்களையா, மத்தியானம் சொன்ன உங்களையா, பாத்ரூம்ல பேசற உங்களையா?"

அவர் குழாயைக் கொஞ்சம் குறைத்தார்.

"திங்கட்கிழமை கடைக்கு வரேன். உங்க முதலாளி எதிர்லயே சொல்லுங்க, நம்பறேன். சொல்லலன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் பூசிடுவேன்."

வெளியே வந்தால் மனைவி நின்றிருந்தாள். "கால் மணி நேரமா தண்ணி ஓடிச்சு. துண்டு நனையவே இல்ல. யார்கிட்டங்க பேசினீங்க?"

சொன்னார். அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அண்ணன்கிட்ட தனியா சொல்லிடக் கூடாதா?"

"சொல்லிப் பாத்துட்டேன். லேபிள் சின்னதாம்."

"நாளைக்குச் சாப்பிட வர்றார் வேற" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார், நன்றாகச் சாப்பிட்டார். "உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆள் எனக்கு எங்கம்மா கிடைப்பாங்க? ஒரு வார்த்தை அதிகமாப் பேசமாட்டார்" என்று தங்கையிடம் மனதாரப் பாராட்டினார். மொட்டை மாடியில் அவர்களுக்காக இன்னொரு அறை கட்டப்போவதாகவும், ஜன்னலைக் கடைப் பக்கமாகவே வைத்துவிட்டால் நல்ல காற்று என்றும் சொன்னார். ஆலோசகர் "ம்" என்றார். தட்டில் இருந்ததை என்ன செய்தார் என்று அவருக்கே நினைவில்லை.

திங்கள் காலை மனைவி அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, "எந்தச் சட்டைங்க?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் முறை. "எதுன்னாலும்" என்றார். அவள் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பத்து மணிக்கு டீச்சர் வந்து பையை மேஜைமேல் வைத்தார். நாலு பாட்டிலும் மூடி திறக்கப்படாமல் இருந்தன. "முதலாளி சார், ஒரு நிமிஷம் வாங்க. உங்க ஆலோசகர் ஒண்ணு சொல்லணுமாம்."

மச்சான் வந்தார், சிரித்த முகம். "சொல்லுங்க மாப்ள."

ஆலோசகர் வாயைத் திறந்தார். மூச்சு மட்டும் வந்தது, விசிலோடு. மேலே பதினாலாவது படியில் மனைவியின் கால் தெரிந்தது. அது இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"கிளட்ச மிதிச்சுக்கிட்டே நின்னா வண்டி நகராது சார்" என்றார் டீச்சர். பழக்க தோஷம்.

"தொண்ணூறு நாள் போடக்கூடாது" என்றார் ஆலோசகர். "உள்ள இருக்கற தின்னர் போகணும். மூடினா மங்கிடும். பறவை எச்சம் விழுந்தா உடனே தண்ணி ஊத்துங்க. உறை போட்டு மூடாதீங்க. மிஷின் பிரஷ்ல கழுவாதீங்க." நிறுத்தினார். பிறகு மச்சானைப் பார்க்காமல், "மருந்துக்கடைக்காரர் சோப்பு போடல" என்றார்.

மச்சானின் சிரிப்பு கலையவில்லை. கலைக்க மறந்துபோனதுபோல் முகத்தில் நின்றது. "மேல பேசிக்கலாம் மாப்ள" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். தங்கை புருஷனை வேலையை விட்டு அனுப்ப முடியாது. அனுப்பினாலும் அவர் இதே படியில் ஏறி இதே கூரைக்குத்தான் வருவார். மாட்டிக்கொண்டது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்பது அன்றைக்குத்தான் ஆலோசகருக்கு உறைத்தது. அதனால் அவருக்கு நிம்மதி எதுவும் வந்துவிடவில்லை. சாயங்காலம் படியேறியாக வேண்டும்.

டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் நாலு பாட்டிலையும் திரும்ப வாங்கிக்கொண்டார். மெழுகு கலக்காத ஷாம்பு ஒன்றும் மெல்லிய துணி இரண்டும் கொடுத்தார். தொண்ணூறு நாள் கழித்து வரச் சொன்னார்.