மேற்கு பார்த்த பந்து

கம்பத்தில் என் கடை மேற்கு பார்த்தது. மோட்டார் பம்பு, பைப்பு, சொட்டுநீர்க் குழாய் விற்கிறேன். மதியம் இரண்டு மணிக்குப் படியேறி உள்ளே வருகிற வெயில், மலை மறைக்கிற வரைக்கும் கடையை விட்டுப் போகாது. பைப்பு வாங்குகிற ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரே வார்த்தைதான் சொல்லி அனுப்புவேன். "வெயில்ல போட்ராதீக. வெளுத்துப் போயி, பெறகு தொட்டாலே நொறுங்கிரும்." இத்தனை வருடமும் ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான், என் கடை முகப்பில் ஒரு பந்தை வெயிலில் போட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் போட்டேன்.

அது ஒரு வாலிபால். ராயப்பன்பட்டியில் நடந்த போட்டி ஒன்றில் நாங்கள் ஜெயித்த கடைசி ஆட்டத்தின் பந்து. எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் என் நண்பன். அடிக்கிறவன் நான். இது கொஞ்சம் வம்பான ஏற்பாடு. அவன் சரியான உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தால்தான் நான் அடிக்க முடியும், ஆனால் கைதட்டலெல்லாம் அடித்தவனுக்கே வரும். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதில் கூச்சமும் இருந்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் மைதானத்தை ஒட்டிய பெட்டிக்கடையில் நீல ஸ்கெட்ச் பேனா ஒன்று வாங்கி, ஆறு பேரும் பந்தில் கையெழுத்துப் போட்டோம். முதலில் போட்டது நான். அவன் பந்தை உருட்டிப் பார்த்து, என் கையெழுத்துக்கு நேர் பின்பக்கம் போட்டான். மற்ற நான்கு பேரும் நடுவில் கிடைத்த இடத்தில் போட்டார்கள். ஆட்டோகிராப் என்றால் பெரிய ஆட்டக்காரர்களிடம் முண்டியடித்து வாங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அன்றைக்கு எங்களிடமே நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

பந்து என்னிடம் வந்தது. கண்ணாடிப் பெட்டி செய்து கடை முகப்பில் வைத்தேன். என் கையெழுத்து ரோட்டைப் பார்க்க, அவனுடையது உள்ளே என் நாற்காலியைப் பார்க்க. பார்க்க வந்த நண்பன் முதலில் வெயிலைத்தான் பார்த்தான். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான் அவன். அடுத்த நாளே ஒரு சுருளோடு வந்து நின்றான்.

"மச்சான், வெயிலு கண்ணாடிக்குள்ள பூந்து எழுத்தைத் தின்னுபுடும். ஜீப்புக்கு ஒட்டுன கூலிங் பேப்பரு மிச்சம் கெடக்கு, இந்தா."

தண்ணீர் தெளித்து, ஒரு குமிழி இல்லாமல் அவனே ஒட்டினான். அவன் காப்பாற்ற வந்தது ரோட்டைப் பார்த்து இருந்த என் கையெழுத்தை.

அதிலிருந்து மூன்றாம் வருடம் மலையடிவாரத்து லோயர் கேம்ப் ஊர் அணிக்கும் எங்களுக்கும் ஓர் ஆட்டம். முந்தின நாள் கடைக்கு வந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஒரு ஆட்டந்தான் மச்சான், அவுக பக்கம் ஆடிட்டு வந்துர்றேன். அங்கன தூக்கிக் குடுக்க ஆளில்லையாம். ஜீப் ஸ்டாண்டுல கூட இருக்கவன் கேக்குறான், தட்ட முடியல."

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். "போடா, ஒன்னைய விட்டா எனக்குத் தூக்கிக் குடுக்க ஆளா இல்ல?"

ஆள் இல்லை என்று மறுநாள் தெரிந்துவிட்டது. ஒரு பந்தும் எனக்கு வாகாக வரவில்லை, தோற்றோம். ஆட்டம் முடிந்து வலைக்குக் கீழே குனிந்து வந்து கையை நீட்டினான். நான் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கூலிங் பேப்பரை நகத்தால் நெம்பி உரித்தெறிந்தேன். இனி அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பந்தையும் திருப்பி வைத்தேன். இப்போது என் கையெழுத்து என் நாற்காலியைப் பார்த்தது, அவன் கையெழுத்து ரோட்டையும் வெயிலையும் பார்த்தது. வேகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

கோபம் ஒரு வருடத்தில் ஆறிப்போனது. டீக்கடையில் பார்த்துப் பேசினோம், சிரித்தோம், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போய்வந்தோம். கடைப் படி ஏற மட்டும் அவனுக்கு நேரமில்லை, ஜீப்பில் தாண்டிப் போவான். பந்தைத் திருப்ப மட்டும் கை போகவில்லை. சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சோம்பல் இல்லை, வீம்பு. ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் துடைக்கும்போதுகூட வெளிக்கண்ணாடியை ஒரு துடை துடைத்துச் சந்தனம் வைப்பதோடு சரி. உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

பிறகு அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பேச்சு குழறினாலும் முகத்தில் அதே சிரிப்பு.

"ஆட்டம் முடிஞ்ச மறுநாளு ஜீப்புல போறப்பப் பாத்தேன் மச்சான். எங்கையெழுத்த ரோட்டப் பாத்துத் திருப்பி வச்சிருந்த. சரி, கோவம் போயிருச்சுடா மச்சானுக்குன்னு நெனச்சுக்கிட்டேன். சவாரி வர்ற ஆளுககிட்டயெல்லாம் காட்டுவேன்."

எதை நான் தண்டனையாகச் செய்தேனோ, அதை அவன் மரியாதை என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருடம் மலையேறி இறங்கியிருக்கிறான்.

"கூலிங் பேப்பரு கிழியலையே?" என்று கேட்டான்.

"நல்லாருக்கு" என்றேன். நான்கு மாதத்தில் அவன் போய்விட்டான்.

போன தையில் அவன் மகள் போன் செய்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"மாமா, பத்திரிகையில அப்பா போட்டோவுக்குக் கீழ அவுக கையெழுத்தையும் போடலாம்னு இருக்கேன். வீட்டுல இருக்கதெல்லாம் ஆஸ்பத்திரிக் காயிதம், இல்லேன்னா நெலத்த வித்த பத்திரம். நல்ல காரியத்துக்கு அதுலருந்து எடுக்க மனசு வரல. சந்தோசமாப் போட்ட கையெழுத்து ஒண்ணே ஒண்ணுதான், அது ஒங்க கடையில இருக்குன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாக. வெள்ளிக்கெழமை வந்து போட்டோ எடுத்துக்கிரட்டுமா?"

வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் பெட்டியைத் திறந்து பந்தை வெளியே எடுத்தேன். ரோட்டுப் பக்கத் தோல் மஞ்சளடித்து வெடித்திருந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் பழைய துணியில் மஞ்சள் கறை போல ஏதோ ஒன்று. சாய்த்துப் பிடித்தால் முதல் எழுத்து தெரிந்தது, நடுவில் ஒரு வளைவு தெரிந்தது, கடைசி எழுத்தின் வால் அடியோடு இல்லை. திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து நேற்றுப் போட்டது போல நீலமாக இருந்தது.

அப்போதே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா, மங்கிப் போச்சு, நான்தான் காரணம் என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. பம்பு அட்டைப்பெட்டிகளில் வாங்குகிறவர் பெயர் எழுதி வைக்கிற நீல மார்க்கர் மேசையில் கிடந்தது. மங்கலாகத் தெரிந்த தடத்தின் மேலேயே மெதுவாக எழுதினேன். தடம் இருந்த வரைக்கும் அவன் கை, அதன் பிறகு என் கை. வால் எப்படி முடியும் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கீழே இழுத்து ஒரு கோடு போட்டேன். என் கையெழுத்தை அப்படித்தான் முடிப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். அப்பனைப் போலவே சிரிப்பு. பந்தை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்தின் மேல் விரல் படாமல் பிடித்துப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கு மாமா! நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீக."

கண் கலங்கி அவள் படம் எடுத்ததை, மார்க்கர் வாடை போகட்டும் என்று நானே போட்டுவிட்ட மின்விசிறிக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளும் அவள் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். தேனியில் அச்சடித்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி இருந்தது. உள்ளே அவன் போட்டோ, 'ஆசியுடன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே நீலத்தில் என் கிறுக்கல்.

"மொதப் பத்திரிகைய குலசாமிக்கு வச்சோம். அடுத்தது ஒங்களுக்குத்தான் மாமா" என்றாள் மகள்.

அவன் மனைவி பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அவுக கடைசி எழுத்த எப்பவும் மேல தூக்கித்தான் முடிப்பாக. பந்தத் தூக்கிவிட்ட மாதிரி. இதுல கீழ எறங்கியிருக்கு."

"விடும்மா" என்றாள் மகள். "சின்ன வயசுல அப்பிடிப் போட்டிருப்பாக. மாமாவுக்குத் தெரியாதா?"

அந்த அம்மாள் பதிலுக்காக என்னையே பார்த்திருந்தார். நான் தட்டில் இருந்த பாக்கை எண்ணுவது போலக் குனிந்திருந்தேன். அவர் கேட்காமல் கொடுத்த அந்த அவகாசத்தையும் வீணாக்கினேன். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பினேன்.

கையெழுத்துகளை எப்படிப் பாதுகாப்பது என்று போனில் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். வெயில் படக் கூடாது, டியூப்லைட்டுக்கு நேராக வைக்கக் கூடாது, அடிக்கடி தொடக் கூடாது, மங்கினால் மங்கினபடியே விட்டுவிட வேண்டும், மேலே எழுதவே கூடாது. முதல் புத்தியை ஒரு ஜீப் டிரைவர் வெகுநாளைக்கு முன்பே சொன்னான். கடைசிப் புத்தி யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பெட்டியை முகப்பிலிருந்து எடுத்து, வெயில் எட்டாத உள்ளறை அலமாரியில் வைத்திருக்கிறேன். புதுக் கூலிங் பேப்பர் வாங்கி நாலு பக்கமும் நானே ஒட்டினேன். அவனைப் போல ஒட்ட வரவில்லை, அங்கங்கே குமிழி இருக்கிறது. ஆனாலும் இனி எந்த எழுத்தும் மங்காது. ஒரு பக்கம் நான் என் பெயரில் போட்டது, மறுபக்கம் நான் அவன் பெயரில் போட்டது.