சண்டை போடப் போகும் காடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நிம்மதியாக ஒரு சண்டை போட முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள்; ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் கோடியில் நான் இருமினால், அந்தக் கோடியிலிருந்து "இன்னும் சளி போகலையா?" என்று கேட்பார்கள். அதிலும் சம்பந்தியோடு, அதாவது என் மகளின் மாமியாரோடு, சண்டை என்றால் சொல்லவே வேண்டாம். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி. சம்பந்திகள் ஏசிக்கொண்டார்கள் என்று தெரிந்துவிட்டால், கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இருக்காது. அதனால் எனக்கும் சம்பந்திக்கும் கோபம் வந்தால் நாங்கள் காட்டுக்குப் போய்விடுவோம்.

காடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பூண்டுலோயாவுக்கு மேலே, எங்கள் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு துண்டுக் காடு. கம்பி அடித்து, கேட் போட்டு, குருவிகளுக்கென்று பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். மரமெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வேலை செய்த காலமெல்லாம் நான் கூடையோடுதான் மலை ஏறியிருக்கிறேன். வெறும் முதுகோடு நடப்பது எத்தனை சுகம் என்று அங்கேதான் தெரிந்தது. இப்போதும் ஏற்றத்தில் குனிந்துதான் நடக்கிறேன். இல்லாத கூடை இழுக்கிறது.

கேட்டில் ஒரு பலகை. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் படம் தெரியும். ஒரு முகம், உதட்டின் மேல் ஒரு விரல். சத்தம் போடக்கூடாதாம். சண்டை போட வருகிறவர்களுக்கு நல்ல இடம்!

ஒரு சனிக்கிழமை, லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "என்னக்கா, மக குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகுதாமே? போட்டோவெல்லாம் புடிச்சாச்சாமே?"

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனாலும் பல்லைக் காட்டி, "ஆமா, போகட்டுமே" என்றேன். வாளி பாதி நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சம்பந்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே. காத்தாட நடந்துட்டு வருவோமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "வருவோம். சவுக்காரம் நான் எடுத்துக்கிறேன்" என்றார். காலில் சோப்புத் தேய்க்காமல் போனால் காட்டு அட்டை விடாது.

கேட்டைத் தாண்டி முதல் வளைவு வரைக்கும் பொறுத்தேன்.

"ஏன் சம்பந்தி, என் மக வெளிநாடு போறத நான் பீலியிலயா கேக்கணும்? உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?"

"அவதான் சொல்ல வேணாம்னா."

"யாரு?"

"உங்க மகதான். 'எங்கம்மாகிட்ட சொன்னா காலையில பெரட்டுக்களத்துல நிக்கிற அத்தன பேருக்கும் கேக்கும்'னா."

பெற்றவளிடம் மறைத்து, மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்! என்னை அறியாமல் கத்திவிட்டேன். "கத்துவேன்தான்! நாலு வயசுப் புள்ளய விட்டுட்டுப் போறேன்னா கத்தாம தாலாட்டா பாடுவாங்க? நீங்களும் சரின்னு தலய ஆட்டுனீங்களா?"

காவல்காரர் ஓடி வந்தார். சிங்களவர், நல்ல மனுஷன். பலகையில் இருக்கிற முகம் மாதிரியே உதட்டில் விரல் வைத்து, "ஆச்சி, சத்தம் எப்பா! குருவி போயிரும்" என்றார். எப்பா என்றால் அவர் பாஷையில் வேண்டாம்.

"போனா போகட்டும் மாத்தயா. குருவி என்ன குவைத்துக்கா போகுது?"

அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் தள்ளி, கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிய ஒரு வெள்ளைக்காரரும் அவர் பெண்சாதியும் நின்றார்கள். குருவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் முழுச் சண்டையையும் குசுகுசுவென்றுதான் போட வேண்டியிருந்தது. மெதுவாக ஏசுவது எத்தனை கஷ்டம் தெரியுமா? நெஞ்சே அடைத்துவிடும்.

அடுத்த ஞாயிறு சம்பந்தியோடு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையை அதன் அப்பனிடம் விட்டுவிட்டு வந்தாள். வழியிலேயே, "இன்னைக்கு ஏச்சு எனக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததா?

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள். "கூரை ஒழுகுதும்மா. மழ பேஞ்சா பாப்பாவ எந்தப் பக்கம் படுக்கப் போடுறதுன்னு தெரியல. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா ஒரு வீடு கட்டிருவேன்."

"அங்க போய் எவ புள்ளைக்கோ சோறு ஊட்டப் போற. உன் புள்ளைக்கு யாருடி ஊட்டுறது?"

"நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கள்ல."

"நான் பாக்க மாட்டேன்" என்றேன்.

பச்சைப் பொய். பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா விட்டதும் அந்தக் குட்டி நேரே என்னிடம்தான் ஓடி வரும். வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் மகளை நிறுத்த என்னிடம் வேறு என்ன இருந்தது? இனி சம்பந்தி "நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் கிளம்பிவிடுவாள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து, காலில் ஏறிய ஓர் அட்டையைச் சவுக்காரத்தால் ஆற அமரத் தள்ளிவிட்டார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஆசைதான் தாயி. இந்த முட்டிய வச்சிக்கிட்டுத் தனியா எப்படிப் பாப்பேன்? உங்கம்மா கூட இருந்தா பரவாயில்ல. அவங்கதான் மாட்டேங்கிறாங்களே."

அந்த முட்டிதான் சற்றுமுன் ஏற்றத்தில் என்னை முந்திக்கொண்டு போனது!

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பலகையில் போட்டிருக்கிறபடியே ஒரு சத்தமும் போடாமல் எழுந்து, எங்களுக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். அவள் போன பிறகு சம்பந்தியைப் பிடித்தேன்.

"அவ போறது உங்களுக்கும் இஷ்டமில்லதானே? அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"நான் அவளோட ஒரே வீட்டுல இருக்கேன் சம்பந்தி. நாளைக்குக் காலையில அவ கையால தேத்தண்ணி குடிக்கணும். நீங்க நாலு காம்பரா தள்ளித்தானே இருக்கீங்க. உங்க மேல கோவிச்சா என்ன?"

என்ன நெஞ்சழுத்தம்! ஆத்திரத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. அதைக் காட்டாமல், கேட் வரும் வரைக்கும் குசுகுசுவென்று ஏசிக்கொண்டே வந்தேன்.

மகள் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. கூரை அப்படியே ஒழுகுகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆபீஸில் ஒரு தகரம் மாற்றிக் கொடுத்திருந்தால் அவள் குவைத்தை நினைத்தே இருக்கமாட்டாள், நானும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கமாட்டேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதில் தப்பே இல்லை. ஆனாலும் மழை வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் காம்பராவின் ஒழுகாத மூலையில் படுக்கவைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போகிறாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில், நாலு சுவர் தாண்டி, சம்பந்தியின் குரல் தேனாக வருகிறது. "சம்பந்தி, பாப்பா தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா சம்பந்தி" என்று நானும் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி தேனாகச் சொல்கிறேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை காட்டில் வைத்துக்கொள்கிறேன்.