நடந்தால் குறைகிற வலி

ரோசரிக்கு ஸ்ரீரங்கத்தில் தபால் பட்டுவாடா வேலை. உத்திர வீதிகள் நான்கும் அவளுடைய பீட். தபால்காரர் ஒருவர் தினமும் சுற்றி வருகிற தெருக்களைத்தான் பீட் என்பார்கள். எட்டு வருடமாக ஸ்கூட்டரில் அதே தெருக்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த வீட்டுப் பெரியவருக்கு ஆயுள் காப்பீட்டுக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயது முப்பத்துமூன்று.

மேலூர் ரோட்டில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் ரெங்கராஜ். அவருக்கு மேலே நான். எனக்கு மேலே ரோசரியும் அவள் கணவன் பெனடிக்டும். அவன் பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டர். நான் முப்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள். அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தேன், சான்றிதழும் இருக்கிறது. ஆனால் நர்ஸ் படிப்பு வேறு. இதைச் சொல்லி அலுத்துவிட்டது. கட்டடத்தில் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

மூன்று வீட்டிலும் இடுப்பு வலி இருந்தது. இடுப்பு பெல்ட் ஒன்றுதான் இருந்தது. அது ரெங்கராஜுடையது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது, தொப்பை, நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். இரண்டு வருடத்துக்கு முன் நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டே திரும்பினார். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. டாக்டர் பெல்ட் போடச் சொன்னார், உடற்பயிற்சித் தாள் ஒன்றும் கொடுத்தார். அவருக்குக் கொஞ்சம் கேட்டதால் பெல்ட் என்னிடம் வந்தது. எனக்குக் கேட்கவில்லை. அதனால் மாடிக்கு அனுப்பினேன். அந்தத் தாளையும் ஜெராக்ஸ் எடுத்து ரோசரி கையில் கொடுத்தேன். மாவு அரைக்க கிரைண்டரை இரவல் கொடுப்பதுபோல் வலிக்கும் வைத்தியத்தை இரவல் கொடுத்தோம். மற்றவர்கள் அப்படிச் செய்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ரோசரிக்கு வலி தொடங்கி மூன்று வருடம். விழவில்லை, கனமாக எதையும் தூக்கவில்லை. தானாக வந்தது, மெதுவாக வந்தது. ஆனால் காரணம் சொல்ல எல்லோரிடமும் ஒன்று இருந்தது. தபால் பை என்றாள் அவள் மாமியார். ஸ்கூட்டர் என்றார் ரெங்கராஜ். தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம் என்றான் பெனடிக்ட். ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள் என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ஐந்து நாளும் நன்றாக இருந்தாள். ஆறாம் நாள் வலி திரும்பி வந்தது. நானும் என் பங்குக்கு ஓய்வெடு என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் படுப்பாள். திங்கட்கிழமை படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள்.

அவளுடைய போஸ்ட்மாஸ்டர் தமிழ்மணி நல்ல மனிதர். மார்கழி தொடக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"மூணு வாரம் கவுன்டர்ல உக்காந்து பாரும்மா. ஒத்துக்கிச்சுன்னா ஒரு மனு குடு, நிரந்தரமா உள்ளயே போடச் சொல்லி மேல எழுதறேன். ஆனா ஒண்ணு, பீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டா அப்புறம் திரும்பக் கேட்டு வரக்கூடாது. ஏகாதசி முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை லிஸ்டு போயிடும்."

பெனடிக்ட் மறுநாளே மனுவை டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். கையெழுத்து மட்டும் பாக்கி. ரோசரி அதைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அலமாரியில் செருகிவைத்தாள். அந்தத் தெருக்களை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. இடுப்பு இப்படி இருக்கும்போது அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை.

கவுன்டரில் உட்கார்ந்த இரண்டாவது வாரம் கீழ உத்திர வீதி மாமி ஒருத்தி கைத்தடியுடன் வந்து நின்றாளாம்.

"நீ இங்க உக்காந்துண்டு என்ன பண்றே?"

"இடுப்பு வலி மாமி. போஸ்ட்மாஸ்டர் உக்காரச் சொல்லியிருக்காரு."

"புதுசா ஒரு பிள்ளையாண்டான் வரான். நல்லவன்தான். நான் கூடத்துலேர்ந்து வாசலுக்கு வர அஞ்சு நிமிஷம் ஆகும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தா அவன் அடுத்த வீதியில இருக்கான்."

"சொல்லி வைக்கிறேன் மாமி."

"நீயே வாயேன். உக்காந்து உன் வலி குறைஞ்சாப்பல தெரியலை. மூஞ்சி சுண்டிப்போயிருக்கு."

மாமி சொன்னது சரி. உட்கார உட்கார வலி கூடியது. அதற்கும் எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. நாற்காலி சரியில்லை என்றோம்.

வைகுண்ட ஏகாதசியன்று உத்திர வீதிக்குப் புதிதாக வந்த ஆளுக்குக் காய்ச்சல். தெருவெல்லாம் தடுப்புக் கட்டை, கூட்டம். ஸ்கூட்டர் நுழைய முடியாது. தெரு தெரிந்தவள் ரோசரி ஒருத்திதான். இன்று ஒரு நாள் மட்டும் என்று தமிழ்மணி கேட்டுக்கொள்ள, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

மாலை ஐந்து மணிக்கு நாங்கள் கீழே வாசலில் நின்றிருந்தோம். தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும் என்று பெனடிக்ட் பைக்கைத் தயாராக வைத்திருந்தான். ரோசரி கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. பத்து மணிக்கு எறங்கினேன், நாலரை வரைக்கும் நடை. பன்னெண்டு மணிக்கெல்லாம் வலியைக் காணோம்."

"பெருமாள் கிறிஸ்தவங்களுக்கும் இடுப்பு பாக்கறாரு போல" என்றார் ரெங்கராஜ்.

"அண்ணே, நாங்க வேளாங்கண்ணி மாதாவுக்கு மூணு மாசம் முந்தியே நேந்துகிட்டோம். க்யூல அவங்கதான் முன்னால நிக்கறாங்க" என்றாள் ரோசரி.

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். நானும் அன்று காலை கோயில் வடக்கு வாசல் பக்கம் போயிருந்தேன். பத்து நிமிடம் நடந்ததும் இரண்டு காலும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. எந்தக் கடைப் படியைப் பார்த்தாலும் உட்கார்ந்தேன். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரே நாள், ஒரே தெரு. எனக்கு வலியைக் கொண்டுவந்த நடை அவளுக்கு வலியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே வலியாக இருக்க முடியாது. இது என் மண்டையில் ஏற மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றேன். "ரோசரி, நீ நில்லு. மொதல்ல சொல்லு. ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம் உண்டா? உக்கார்ற எடம் மரத்துப்போகுதா? விட்டு விட்டுக் காய்ச்சல்? ஒடம்பு எளைச்சிருக்கா?"

"எதுவும் இல்லம்மா. எளைச்சா நல்லாருக்கும்னு இவருக்குத்தான் ஆசை."

"நான் எப்ப சொன்னேன்?" என்றான் பெனடிக்ட்.

"சொல்லல. பாக்கற பார்வை."

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன். இல்லை என்றதால் அடுத்த கேள்விகளுக்குப் போனேன். முதலில் ரெங்கராஜைக் கேட்டேன்.

"இருமினா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"இடுப்புலேர்ந்து கால் கட்டைவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கும். ஒரு காலுல மட்டும். எங்க கடையில வித்த வயர்ல கூட அப்படி அடிச்சதில்ல."

"உக்காந்தா?"

"கூடும். குனிஞ்சு பில் போட்டா இன்னும் கூடும்."

அவருக்கு உட்கார்ந்தால் கூடுகிறது, எனக்கு உட்கார்ந்தால் குறைகிறது. அவருக்குத் தொப்பை, சிகரெட், சிலிண்டர். எனக்கு அறுபத்தெட்டு வயது, முப்பது வருடம் ஆட்களைப் புரட்டிப் போட்ட முதுகு. ரோசரி பக்கம் திரும்பினேன்.

"உனக்குக் கால் வரைக்கும் எறங்குதா?"

"இல்ல. இடுப்புக்குக் கீழ பின்பக்கம். ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது."

"காலையில?"

"நாலு மணிக்கே வலி எழுப்பிடும். எந்திரிச்சுக் கொஞ்சம் நடந்தாத்தான் மறுபடி படுக்க முடியும். ஆறு மணிக்குப் பாத்தா இடுப்பு பலகை மாதிரி இருக்கும். குனிஞ்சு வாய் கொப்புளிக்க முடியாது. இளக ஏழரை ஆயிடும்."

"நாலு மணிக்கு நீ ஜெபம் பண்றேன்னுல்ல நெனச்சேன்" என்றான் பெனடிக்ட்.

உறையூரில் ஒருவரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். முதுகெலும்பு இறுகிப்போய், கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் ஆளே திரும்ப வேண்டும். இருபத்தைந்து வயதில் விடியற்கால வலியாகத்தான் தொடங்கியது என்பார். அவருடைய ஃபைலில் கண் டாக்டர் சீட்டுகளும் இருக்கும். அது நினைவுக்கு வந்தது.

"கண்ணு செவந்து வலிச்சு, வெளிச்சம் பாக்க முடியாம இருந்திருக்கா?"

"ரெண்டு தடவை. தெருப்புழுதின்னு சொட்டு மருந்து போட்டேன். கண்ணுக்கும் இடுப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உங்க வீட்டுல வேற யாருக்காவது முதுகு?"

"எங்கப்பா அமிர்தசாமி. நாப்பத்தஞ்சு வயசுக்கே கூனிட்டாரு. டெய்லர். மெஷின் முன்னால குனிஞ்சு குனிஞ்சு அப்படி ஆயிட்டாருன்னு சொல்வாங்க."

அப்பாவுக்குத் தையல் மெஷின், மகளுக்குத் தபால் பை. பழியை வேலை மேல் போடுவது எல்லோருக்கும் வசதி.

"பேரு வைக்கிறது டாக்டர் வேலை. எலும்பு டாக்டர் வேணாம், மூட்டு வாத டாக்டரைப் பாரு" என்றேன்.

சனிக்கிழமை தில்லைநகரில் டாக்டர் மெஹ்ரீன் பார்த்தார். நானும் துணைக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேருகிற மூட்டுக்கு ஸ்கேனும் எழுதினார். பெல்ட் கதையையும் சொன்னேன்.

"ஒரே பெல்ட்டை மூணு பேரும் போட்டீங்களா? நடுவுல தொவைச்சீங்களா?"



முடிவு வியாழக்கிழமைதான் தெரியும் என்றார். மனுவுக்குக் கெடு திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேல் வீட்டில் அதுதான் பேச்சு. எனக்கு மேலேயே நடப்பதால் கேட்காமல் இருக்க வழியில்லை.

"கையெழுத்துப் போட்டு வை ரோசரி. டாக்டரே இன்னும் சொல்லல. நாளைக்கு நம்ம நெனச்சது தப்பாயிட்டா? ஒடம்புதான் முக்கியம். தெருவெல்லாம் எங்கயும் போயிடாது."

"தெரு போகாது. நான்தான் போயிடுவேன்."

"நான் ஒனக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுங்க. மூணு வருசத்துல நூத்தம்பது ஞாயித்துக்கெழம படுத்துப் பாத்தாச்சு. ஒரு திங்கக்கிழமையாவது நல்லா எந்திரிச்சிருந்தா நானே கையெழுத்துப் போடுவேன். நடந்தது ஒரு நாள். அன்னிக்குத்தான் மனுசி மாதிரி இருந்தேன். இந்தக் கணக்குக்கு ஸ்கேன் வேணுமா?"

"சரி, நாளைக்கு நான் கொண்டுவிடறேன்" என்றான்.

"எதுக்கு? நான் நடந்தே போறேன்."

திங்கட்கிழமை மனு கொடுக்கவில்லை. பட்டியல் அவள் பெயர் இல்லாமல் போயிற்று. வியாழக்கிழமை முடிவு வந்தது. அந்த மூட்டில் அழற்சி. பையால் வந்ததில்லை, ஸ்கூட்டரால் வந்ததில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே எதிரியாக நினைக்கிற வகை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு உண்டு. கண் சிவந்ததும் இதனால்தான்.

"உக்கார்ற வேலைக்கு மாறிக்கச் சொல்றாங்க, டாக்டர்" என்றாள் ரோசரி.

"அப்படிச் சொல்றவங்களை இங்க அனுப்புங்க" என்றார் டாக்டர் மெஹ்ரீன். "நடக்கறது உங்களுக்குப் பாதி மருந்து. மீதியை நான் எழுதறேன். மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. கண்ணு செவந்தா அன்னிக்கே கண் டாக்டர்." பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு நரம்பு போற வழி குறுகியிருக்கும்னு தோணுது. அடுத்த வாரம் நீங்க வாங்க. அடுத்தவங்க தாளைப் பாத்து எக்சர்சைஸ் பண்ணாதீங்க."

முதல் மாத்திரை ரோசரிக்கு வயிற்றில் சேரவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள், சேர்ந்தது. ஏழரைக்கு இளகிய இடுப்பு இப்போது ஆறேகாலுக்கு இளகுகிறது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே பட்டுவாடா செய்கிறாள். கெட்ட நாட்களும் உண்டு. மாசி மாதம் கண் ஒரு முறை சிவந்தது. இந்தத் தடவை அன்றைக்கே போனாள். நோய் போய்விடவில்லை. இருந்துகொண்டே, சொன்னபடி கேட்கிறது.

பங்குனியில் அடையவளஞ்சான் வீதிக்காரர் ஓய்வுபெற்றார். நீளமான பீட். யாரும் கை தூக்கவில்லை. ரோசரி தமிழ்மணி முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா, மறுபடி வலியா?"

"இல்ல சார். அடையவளஞ்சானையும் என் பீட்டோட சேத்துக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாராம். "முப்பத்தோரு வருச சர்வீஸ்மா எனக்கு. தெருவைக் கொறைங்கன்னு வந்தவங்களைத்தான் பாத்திருக்கேன்."

"கொறைச்சா எனக்கு வலிக்குது சார்."

"டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"இருக்கு."

வாங்கிப் படித்தார், இரண்டு தடவை. பாதித் தெருவைக் கொடுத்தார். மீதிப் பாதிக்கு அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.