மாறாததைச் சொல்லாத உபதேசியார்

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் நாங்கள் குடியேறிய மறு வருஷம், மழை செய்யூர் ரோட்டை அறுத்துக்கொண்டு போன வாரத்தில், கோயிலில் துக்க மணி அடித்தது. உபதேசியார் சவரிமுத்து போய்விட்டார் என்றார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். முப்பதாம் நாள் பூசையில் படிக்க அவரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டீர்கள். சாமியார் இல்லாத நாளில் எங்களுக்கு வேதம் சொன்னவர் அவர்தான்; வேதம் முழுக்க அவருக்கு மனப்பாடம். அதுதான் என் வழக்கே.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த வருஷம் என் தலைப்பிள்ளை பிறந்தான். பிறந்ததுமே மூச்சுத் திணறியது. சாமியார் செங்கல்பட்டு போயிருந்ததால், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாரைக் கூப்பிட்டேன். ஒரு வருஷமாக நான் பூசைக்குப் போகவில்லை என்ற கோபம் அவருக்கு.

"மொதல்ல நீ பண்ண பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணு மச்சான். சாமியார் வரட்டும்" என்றார்.

பிரசவம் பார்த்த கண்ணம்மா, "புள்ள நிக்காது போலக் கீது. நா தண்ணி ஊத்தட்டா உபதேசியாரே?" என்றார்.

"நீ துன்னூறு பூசுறவ. நீ ஊத்துனா செல்லாது."

பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாததற்கு மோட்சமும் இல்லை நரகமும் இல்லை, நடுவில் ஓர் இடம்தான் என்று சொல்லி, கல்லறைச் சுவருக்கு வெளியே சவுக்கங்கொல்லையில் புதைக்க வைத்தார். "ரோமாபுரியே மாறுனாலும் இது மாறாது" என்றார். என் மனைவி சாகும்வரை அந்த வார்த்தையோடுதான் படுத்தாள்.

போன வருஷம் புதுச் சாமியார் பிரசங்கத்தில், அந்த நடு இடம் வெகுகாலம் சொல்லிவந்த கருத்துதான், விசுவாச சத்தியம் அல்ல; அந்தக் குழந்தைகள் கடவுளிடம் சேரும் என்று நம்பலாம், ரோமாபுரியே சொல்லிவிட்டது என்றார். பூசை முடிந்து சாமியாரிடம் கண்ணம்மா கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"சபை என்ன நினைச்சு ஊத்துதோ அதையே நினைச்சு, சபை சொல்ற வார்த்தையைச் சொல்லி ஊத்தினா, அவசரத்துக்கு யார் ஊத்தினாலும் செல்லும் ஐயா, இந்துவா இருந்தாலும். பழைய சட்டம். உபதேசியாருக்குத் தெரியாம இருக்காது."

நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் இருந்தார்.

"மாறிப்போச்சு மச்சான். நா இன்னா பண்றது?" என்றார்.

"மாறுனத வுடு. மாறாதது ஒண்ணு கீதே, அத ஏன் மறச்ச?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாள் கழித்து ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டார். கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்றேன். சொல்லாமலே போனார். அடக்கத்தில் நீங்கள் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டீர்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இனியும் போடமாட்டேன். அவருக்குக் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடி மண்தான்.

பிள்ளை போன அன்று என் வீட்டில் இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது ஒருவர். அவர் ஊற்றியிருந்தால் செல்லியிருக்கும் என்பதை அவரிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. செய்யூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கண்ணம்மா.